கையில் கட்டிய கயிறும் மனதில் கட்டிய கயிறும்

மாலை மக்தபுக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒருநாள் மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். ஓதி முடிக்கும்வரை சட்டைக் கையை இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொண்டே இருந்தான். "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "ஃபிரண்ட்ஸ் கட்டிவிட்டாங்க ஹஜ்ரத். எங்க கிளாஸ்ல எல்லாரும் ஏதாவது ஒரு கலர் கட்டியிருக்காங்க. கட்டலைன்னா எந்தப் பக்கமும் சேர்த்துக்க மாட்டாங்க" என்றான்.

அந்தக் கயிறு எந்தச் சாதியின் அடையாளம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தான் அந்தச் சாதி இல்லை என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் வகுப்பில் தனியாக நிற்க அவனுக்குப் பயம்.

தென் மாவட்டங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இது புதிய செய்தி இல்லை. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறச் சேர்க்கை இருக்கிறது. அது கையில் கயிறாகவும், நெற்றியில் பொட்டாகவும், சைக்கிளில் ஸ்டிக்கராகவும் வரும். நம்மில் பலர் இதைப் பார்த்துவிட்டு, "அது அவங்க சாதிச் சண்டை, நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்கி நிற்க முடியுமா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாங்குநேரி சொன்ன பாடம்

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் அவருடன் வள்ளியூர்ப் பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள். அந்த மாணவர் செய்த 'குற்றம்', தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்னதுதான். மருத்துவமனையில் பல வாரங்கள் கிடந்து எழுந்த அவர், 2024ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 469 மதிப்பெண் எடுத்துத் தேறினார். அவருடைய மன உறுதியைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகளின் கையில் அரிவாளைக் கொடுத்தது எது என்ற கேள்விக்கு அந்த மதிப்பெண் பதிலாகாது.

இந்தச் சம்பவத்திற்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் 600 பக்கங்களுக்கும் மேலான அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றுக்கு அனுமதி கூடாது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி பெரும்பான்மையாக இருக்கிறதோ, அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்பன அவருடைய பரிந்துரைகளில் சில.

இந்தக் கடைசிப் பரிந்துரையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆசிரியர் படித்தவர், அரசு ஊழியர், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அவரையே இடம் மாற்றி வைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்று ஒரு நீதிபதி கருதும் நிலை இருக்கிறது. படிப்பு வந்தால் சாதி போய்விடும் என்று நாம் நம்பியதற்கு இதைவிடப் பெரிய அடி வேறு என்ன வேண்டும்?

கயிற்றைத் தடை செய்யும் முயற்சி இதற்கு முன்பும் நடந்தது. 2019ல் பள்ளிக் கல்வித் துறை இதற்காகச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். ஒரு முழம் கயிற்றை அவிழ்க்கக்கூட அரசுகள் தயங்குகின்றன என்றால், அதற்குப் பின்னால் உள்ள வாக்கு எண்ணிக்கையை நாம் புரிந்துகொள்ளலாம்.

சட்டம் ஒழித்தது, சமூகம் ஒழித்ததா?

இந்திய அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955ல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான வழக்குகள் 57,582. இது காவல் நிலையப் படியேறி, புகார் ஏற்கப்பட்டவற்றின் கணக்கு மட்டுமே.

இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவத்தையும், சமூக வாழ்வில் பழைய ஏற்றத்தாழ்வையும் வைத்துக்கொண்டு முரண்பாடான வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்றார். அந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்களே இந்த ஜனநாயகத்தைத் தகர்ப்பார்கள் என்றும் சொன்னார்.

அவர் கண்டறிந்து சொன்ன இன்னொரு உண்மையும் முக்கியமானது. சாதி என்பது ஒரு மேல்தட்டு, ஒரு கீழ்த்தட்டு என்று இரண்டு அடுக்கு மட்டும் கொண்டதாக இருந்திருந்தால், கீழே இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து என்றோ அதை உடைத்திருப்பார்கள். அது படிப்படியாக அமைந்த ஏற்றத்தாழ்வு. ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் கீழேயும் ஒருவர் இருக்கிறார். மேலே இருப்பவரிடம் பட்ட அவமானத்தைக் கீழே இருப்பவரிடம் இறக்கிவைக்க வழி இருக்கிறது. அதனால் யாருக்கும் முழு ஏணியையும் உடைக்க மனம் வருவதில்லை. தமிழகத்தில் பட்டியல் சாதியினர் மீது நடக்கும் தாக்குதல்களில் பெரும்பாலானவற்றில் எதிரில் நிற்பவர்கள் பிற்படுத்தப்பட்ட சமூகத்தினராகவே இருப்பதை இந்தப் பார்வையில்தான் புரிந்துகொள்ள முடியும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பர் இறுதியில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. விசாரித்த சி.பி.சி.ஐ.டி., 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்தச் சமயத்தில் அங்கே நேரில் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வேறு இரண்டு விஷயங்களையும் கண்டார்கள். ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்களுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தொட்டிச் செய்தி வெளியே வராமல் இருந்திருந்தால், அந்தக் குவளைகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சிறையிலும் இதே கதைதான். கைதிகளைச் சாதிவாரியாகப் பிரிப்பதையும் சாதியைப் பார்த்து வேலை ஒதுக்குவதையும் அனுமதித்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் ரத்து செய்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது நமக்குத் தலைகுனிவு.

படித்தவன் வீட்டிலும் பூட்டிய கதவு

கிராமம்தான் இப்படி, நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்காருவதற்கும் உணவகத்தில் சாப்பிடுவதற்கும் யாரும் சாதி கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், பெண் கேட்கும்போதும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12ல் நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. அதில் சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 சதவீதமே. சாதியின் உயிர்நாடி அகமண முறைதான் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதியிருந்தார். நூறாண்டு கடந்தும் அந்த உயிர்நாடி அறுபடவில்லை.

அதை அறுக்கத் துணிபவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே ஒரு பொறியியல் மாணவர் மனைவியின் கண் முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 27 வயது மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் தம்பி கைதானார். அந்தப் பெண்ணின் பெற்றோர் இருவரும் காவல்துறை உதவி ஆய்வாளர்கள். கொல்லப்பட்டவரிடம் படிப்பு இருந்தது, நல்ல வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. முன்னேறினால் மதிப்பார்கள் என்று எதையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோமோ, அதெல்லாம் அவரிடம் இருந்தது. அவர் பிறந்த இடம் ஒன்றே போதுமானதாகிவிட்டது.

இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. சட்டம் வர வேண்டும். ஆனால் சட்டம் கொலைகாரனின் கையைத்தான் பிடிக்கும். சோற்றுத் தட்டுடன் சேர்த்துச் சாதிப் பெருமையையும் ஊட்டும் வீட்டை அது எட்டிப் பிடிக்காது.

நம் வீட்டுக் கண்ணாடி

இதுவரை படித்தவர்களில் சிலருக்கு, "அல்ஹம்துலில்லாஹ், நம் மார்க்கத்தில் இதெல்லாம் இல்லை" என்ற எண்ணம் வந்திருக்கும். மார்க்கத்தில் இல்லை என்பது உண்மை. மனிதர்கள் அனைவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து வந்தவர்கள், இறையச்சமே மதிப்பின் அளவுகோல் என்று அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆவது வசனம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் முஸ்லிம்களிடம் இல்லையா?

மேலே சொன்ன அதே கணக்கெடுப்பு, தீண்டாமை பற்றியும் குடும்பங்களிடம் கேட்டது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா? இல்லை என்றால், பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, உங்கள் பாத்திரங்களைப் புழங்கலாமா? நாடு முழுவதும் சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதாக ஒப்புக்கொண்டன. அவ்வாறு ஒப்புக்கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் 18 சதவீதம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு. மற்றவர்களைவிடக் குறைவுதானே என்று ஆறுதல் கொள்வதா, இருக்கவே கூடாத ஒன்று இவ்வளவு இருக்கிறதே என்று வெட்கப்படுவதா?

1981 பிப்ரவரியில் செங்கோட்டை அருகே மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. பணத்துக்காக மாறினார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. ஆனால் அவர்களில் படித்தவர்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் தேடியது மரியாதை. நம் மேடைகளில் அந்த ஊரைப் பெருமையுடன் சொல்கிறோம். அதன் பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்பதில்லை. இப்படிப் புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நம்மில் எத்தனை பேர் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்?

ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற பெயர்கள் தொழிலையும் ஊரையும் மத்ஹபையும் ஒட்டி வந்தவை. அவற்றை அடையாளமாகச் சொல்வதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் சம்பந்தம் பேசும்போது அவை சுவராகின்றன. முடிதிருத்தும் குடும்பத்துப் பையன் மார்க்க அறிஞராகவே வந்தாலும், பெண் கேட்டால் "அவங்க வேற" என்ற பதில் வருகிறது. மூன்று தலைமுறைக்கு முன் இஸ்லாத்துக்கு வந்த குடும்பத்தை இன்னும் 'புதுசா வந்தவங்க' என்று சொல்லும் மஹல்லாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆலிமாக இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருமணப் பொருத்தம் பற்றிப் பேசும் 'கஃபாஅத்' என்ற பாடத்தில், ஷாஃபி, ஹனஃபி கிதாபுகள் வம்சத்தையும் தொழிலையும் கணக்கில் எடுத்துள்ளன. அதைக் காட்டிச் சிலர் தங்கள் வழக்கத்துக்கு மார்க்கச் சாயம் பூசுகிறார்கள். அந்தப் பாடம் மணப்பெண்ணும் அவளுடைய பொறுப்பாளரும் தங்கள் உரிமையாகக் கேட்கக்கூடியது. அவர்கள் மனம் ஒப்பினால் அந்த நிக்காஹ் செல்லும் என்பதையும் அதே கிதாபுகள்தான் சொல்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்றையே முதன்மையான பொருத்தமாகக் கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மாமி மகள் ஸைனபை, விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸைதுக்கு மணமுடித்து வைத்தார்கள். அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று கண்டித்தார்கள். இத்தனை தெளிவுக்குப் பிறகும் நாம் சாதி பார்த்தால், பழியைக் கிதாபின் மீது போட முடியாது.

சட்டமும் இந்த முடிச்சை இறுக்கியே வைத்திருக்கிறது. பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம், கிறிஸ்தவ தலித்துகள் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். மதத்திலிருந்து இந்தத் தகுதியைப் பிரிக்க வேண்டும் என்று 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022ல் இதே விஷயத்தை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இஸ்லாத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. மார்க்கத்தில் இல்லை, ஆனால் எங்கள் சமூகத்தில் இருக்கிறது என்று நாம் வாய் திறந்து ஒப்புக்கொண்டால்தான் அந்த ஏழைகளுக்காக வாதாட முடியும். நம் கௌரவத்துக்காக அவர்களின் குறையை மூடி மறைப்பதும் ஓர் அநீதிதான்.

என்ன செய்யலாம்?

பெரிய மாநாடுகள் இதற்குத் தேவையில்லை. வீட்டிலிருந்து தொடங்கலாம். கோபத்தில் பிள்ளைகளைத் திட்டும்போது சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது நிற்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனிக் குவளை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிட வேண்டும். முஸ்லிம் என்பதற்காக நமக்கு வீடு மறுக்கப்படும்போது எவ்வளவு வலிக்கிறது? நம்மிடம் வாடகைக்கு வரும் பட்டியல் சாதிக் குடும்பத்துக்கு அதே வலியைக் கொடுக்கலாமா?

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம் பெண்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போய், கயிறு பற்றியும் உட்காரும் வரிசை பற்றியும் கேட்கலாம். இந்த விஷயத்தில் எந்தத் தரப்பையும் சேராத பெற்றோரின் குரலுக்கு எடை அதிகம். ஜமாஅத்துகளும் வேங்கைவயல், நாங்குநேரி போன்ற சம்பவங்கள் நடக்கும்போது, பாதிக்கப்பட்டவர்களின் வீடு தேடிப் போக வேண்டும். அவர்களை மார்க்கத்துக்கு அழைக்கும் நோக்கம் அப்போது மனதில் இருக்கக் கூடாது. அநீதிக்கு ஆளானவருக்குத் துணை நிற்பது தன்னளவிலேயே கடமை. நிக்காஹ் விஷயத்தில், குடும்பப் பெயரைக் காரணம் காட்டி நல்ல சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கும்போது இமாம்கள் மௌனமாக இருக்கக் கூடாது. இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பையனிடம் அன்று கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவன் கேட்டான்: "அவுத்துட்டா மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுறது ஹஜ்ரத்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. கயிறு கட்டாத இன்னொரு பையன் வகுப்பில் இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறான், கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவான், அவனிடம் யாரும் பேச மாட்டார்கள் என்றான். "நாளைக்கு உன் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அவன்கிட்ட போய் உட்காரு" என்றேன். மறுவாரம் அவன் கையில் கயிறு இல்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுடைய உம்மா மட்டும் வந்து, "இப்பல்லாம் ரெண்டு பேருக்குச் சோறு கேக்குறான் ஹஜ்ரத்" என்றார்.

நம் பிள்ளைகள் யாருடைய பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், நாம் யாருடைய பக்கத்தில் உட்காருகிறோம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொல்வதைச் செயலில் காட்டும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.